கடைசிக் கடைவாய்ப்பல்: எடுப்பதா விடுவதா, எடுத்தால் எப்போது

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி ஏழரை மணி. கிளினிக் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். ஒரு அப்பா தன் மகனை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். பையனுக்கு 22 வயது. வலது கன்னத்தில் கொழுக்கட்டையை அடக்கி வைத்ததுபோல வீக்கம். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. "சிஸ்டர், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, இன்னைக்கே பிடுங்கிடச் சொல்லுங்க. நாளைக்கு நல்ல நாளும் அதுவுமா பிள்ளை இப்படிக் கிடக்கிறான்" என்றார்.

நான் பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். அதே பல். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்திருக்கிறான், எட்டு மாதத்துக்கு முன்னால் இன்னொரு தடவை. இரண்டு முறையும் "வீக்கம் வடிந்ததும் எக்ஸ்ரேயோடு வரவும்" என்று எங்கள் டாக்டர் மேடம் கைப்பட எழுதியிருக்கிறார். இரண்டு முறையும் வலி அடங்கியது, அவன் வரவில்லை.

கும்பகோணத்தில் ஒரு பல் கிளினிக்கில் 14 வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சீட்டு எழுதுவது, அழுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் வேலை. எந்தப் பல்லை எடுக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை இல்லை, அது டாக்டர் வாயைப் பார்த்து, படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் ஞானப்பல், அதாவது இந்தக் கடைசிக் கடைவாய்ப்பல் விஷயத்தில் ஒரே தப்பை எல்லோரும் திரும்பத் திரும்பச் செய்வதை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எடுத்துவிடலாம் என்று வலி வந்த நாளில் முடிவு செய்கிறோம். வேண்டாம் என்று வலி போன நாளில் முடிவு செய்கிறோம். இரண்டுமே முடிவு செய்வதற்கு ஏற்ற நாள் இல்லை. அதற்கு ஏற்ற நாள், வீக்கம் வடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, கையில் படத்தோடு நிதானமாக உட்காரும் நாள்.

அன்றைக்கு மேடம் அந்தப் பல்லை எடுக்கவில்லை. பழுத்துக் கிடக்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது. வாய் திறக்காதபோது அவ்வளவு பின்னால் கருவியைக் கொண்டுபோகவும் முடியாது. முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சில் உப்புநீரை எடுத்து, பல்லின் மேல் பாதியை மூடிக் கிடந்த ஈறு மடலுக்கு அடியில் பீய்ச்சிக் கழுவினார். நான் குழாயைப் பிடித்திருந்தேன். சீழ் வந்தது, கூடவே ஒரு கடுகு வந்தது. எத்தனை நாளைக்கு முன்னால் தாளித்ததோ! வீங்கிய ஈறை மேலே இருந்த பல் ஒவ்வொரு கடியிலும் நசுக்கிக்கொண்டிருந்தது வேறு. காய்ச்சலும் வாய்ப்பூட்டும் இருந்ததால் ஆன்டிபயாடிக் எழுதினார். வெறும் ஈறு வீக்கம் மட்டும் என்றால், கழுவிவிடுவதும் வலி மாத்திரையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்புமே பெரும்பாலும் போதும்.

மாத்திரை வேலை செய்துவிட்டால் பல் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். மாத்திரை சீழை ஆற்றுகிறது, அவ்வளவுதான். மடல் அங்கேயே இருக்கிறது, அதற்கடியில் இருக்கும் பொந்தும் அங்கேயே இருக்கிறது. அடுத்த கடுகு போய் உட்கார இடம் தயாராக இருக்கிறது.

முதலில் உங்கள் வாயில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டாக்டர் சீட்டில் 18, 28, 38, 48 என்று எண் எழுதியிருந்தால் அது ஞானப்பல். இரண்டாவது இலக்கமான 8, நடுப்பல்லிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் எட்டாவது பல் என்று அர்த்தம். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்கிறது: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. வலது, இடது எல்லாம் உங்களுடையது, எதிரே நிற்பவருடையது இல்லை. இதைத் தெரிந்து வைத்திருந்தால் சீட்டை நீங்களே படிக்கலாம். எந்தப் பல் எத்தனை முறை தொந்தரவு செய்தது என்பதை வீட்டிலேயே குறித்து வைக்கவும் முடியும்.

பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் இந்தப் பற்கள் முளைக்கும். எல்லோருக்கும் நான்கும் இருக்கும் என்றில்லை. நான்கில் ஒன்றாவது உருவாகவே உருவாகாதவர்கள் நிறையப் பேர் உண்டு. இருப்பவர்களிலும் மூன்று விதம். முழுசாக வெளியே வந்து நேராக நிற்கும் பல் ஒன்று. முழுக்க எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடப்பது ஒன்று. இந்த இரண்டும் பெரும்பாலும் சாதுவானவை. வம்பு செய்வது நடுவில் இருக்கும் மூன்றாவது வகை: பாதி தலையை நீட்டி, மீதியை ஈறு மூடிக்கொண்டு, முன்னால் இருக்கும் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டு சாய்ந்து நிற்பது. உள்ளே கிருமி போக வழி இருக்கிறது, பிரஷ் போக வழி இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செல்போன் டார்ச்சை அடித்து, கண்ணாடி முன் நின்று, கடைசிப் பல்லைச் சுத்தமான விரலால் தொட்டுப் பாருங்கள். பல்லின் மேல்பரப்பு முழுக்கத் தெரிகிறதா, அதன் பின்பக்கம் வரை பிரஷ் போகிறதா? குழந்தைகள் பிரஷ் அளவு தலையுள்ளதோ, நுனியில் ஒரே கொத்து நார் மட்டும் உள்ள சின்ன பிரஷ்ஷோ மருந்துக்கடையில் கிடைக்கும், அதையும் வைத்துப் பாருங்கள். பிரஷ் போகிறது, ரத்தம் வரவில்லை, நாற்றம் இல்லை என்றால் அந்தப் பல்லுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. விரலை எடுத்து முகர்ந்தால் அழுகின வாடை வருகிறது என்றால், வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

எத்தனை தடவை வீங்கியது?

மேடம் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஒரே ஒரு தடவை, லேசாக வீங்கி அடங்கியிருந்தால் பெரும்பாலும் காத்திருக்கச் சொல்வார். பல் இன்னும் மேலே வர இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். 18 வயதில் பல் முளைத்துக்கொண்டிருக்கும்போது ஈறு வலிப்பதும், பல் வெளியே வந்ததும் அந்த வலி தானாகப் போய்விடுவதும் சகஜம். இரண்டாவது தடவையும் வீங்கினால் பேச்சு மாறும்.

இது எங்கள் மேடம் தானாக வைத்துக்கொண்ட கணக்கு இல்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு, தொந்தரவு இல்லாத ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2000-ஆம் ஆண்டில் ஒரு நெறிமுறை வெளியிட்டது. ஈறு வீக்கம் முதல் முறை வந்தால், அது மிகக் கடுமையாக இருந்தால் ஒழிய, எடுக்கக் காரணமாகாது; இரண்டாவது முறையும் வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது அதில் உள்ளது. அமெரிக்காவிலோ இளம் வயதிலேயே எடுத்துவிடும் பழக்கம் அதிகம். பிரச்சினையே இல்லாத, எலும்புக்குள் புதைந்த பல்லை எடுப்பது நல்லதா, விடுவது நல்லதா என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2020-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. ஆகவே ஒரு டாக்டர் எடுக்கச் சொல்லி இன்னொருவர் விடச் சொன்னால், இருவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டு பேரிடமும் "எந்தக் காரணத்துக்காக?" என்று கேளுங்கள். படத்தில் விரலை வைத்துக் காட்டிப் பதில் சொல்கிறவரை நம்புங்கள்.

ஈறு மடலை மட்டும் வெட்டிவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நேராக முளைத்து வரும் பல்லுக்கு அது சில சமயம் உதவும். சாய்ந்த பல் என்றால் மடல் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். நான் பார்த்தவரை, வெட்டியவர்களில் பலர் திரும்ப வந்து பல்லையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

வலிக்காத பல் செய்த வேலை

இதை என் வாயிலிருந்தே சொல்கிறேன். எனக்கு 27 வயதில் மேடம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "48 முன்பக்கம் சாய்ந்து 47-இல் முட்டிக்கொண்டிருக்கிறது, இடையில் சோறு தங்குகிறது, எடுத்துவிடும்மா" என்றார். பிள்ளை கைக்குழந்தை, அப்புறம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷம் நாத்தனார் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் வீடு மாறினோம். நான்கு வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள்கூட 48 வலிக்கவில்லை, ஈறு வீங்கவில்லை. நானே அந்தக் கிளினிக்கில்தான் தினமும் பத்து மணி நேரம் நிற்கிறேன்.

ஒரு சித்திரை மாதம் பானைத் தண்ணீரைக் குடித்தபோது வலது பக்கம் சுரீர் என்றது. வலித்தது 48 இல்லை, 47. படத்தில் பார்த்தால் 47-இன் பின்முதுகில், ஈறுக்குக் கீழே, இரண்டு பல்லும் முட்டும் இடத்தில் சொத்தை குடைந்து நரம்புவரை போயிருந்தது. வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, பல் முழுசாகத்தான் இருந்தது. வேர் சிகிச்சை செய்து, கேப் போட்டு 47-ஐக் காப்பாற்றினார்கள். 48-ஐயும் எடுத்தார்கள். 12 வயதில் முளைத்து, சாகும்வரை மென்று சாப்பிட உதவ வேண்டிய பல் 47. அதற்கு இன்று உயிர் இல்லை. நான் அன்றைக்கே 48-ஐ எடுத்திருந்தால் என் 47 நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் வலியைக் கணக்கில் வைக்காதீர்கள் என்கிறேன். கீழ்த்தாடையில் முன்பக்கம் சாய்ந்து, முனை மட்டும் வெளியே தெரியும் ஞானப்பல் இருந்தால், அது வலிக்கிறதா என்று கேட்பதைவிட, "முன்னால் இருக்கிற ஏழாவது பல் எப்படி இருக்கிறது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் சொத்தை ஆரம்பித்திருந்தாலோ, அதைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஞானப்பல்லே சொத்தையாகி அடைக்க முடியாத இடத்தில் இருந்தாலும், அதைச் சுற்றி நீர்க்கட்டி தெரிந்தாலும் அப்படித்தான். நீர்க்கட்டி அபூர்வம்தான், ஆனால் சத்தமில்லாமல் தாடை எலும்பைத் தின்றுகொண்டே வளரும்.

படத்தில் எதைப் பார்க்க வேண்டும்

ஒரு பல்லை மட்டும் காட்டும் சின்ன எக்ஸ்ரே கடைசிப் பல்லுக்குப் பெரும்பாலும் போதாது. வாயின் பின்மூலையில் பிலிமை வைத்தாலே குமட்டும், வேரின் நுனி படத்தில் விழாது. ஓ.பி.ஜி. என்ற படம் எடுக்கச் சொல்வார்கள். நாடியை, அதாவது முகவாயை, ஒரு தாங்கியில் வைத்து நின்றால் கருவி தலையைச் சுற்றி ஒரு வட்டம் போகும். சில வினாடிகளில் இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் வந்துவிடும். சில நூறு ரூபாய் ஆகும். தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும், வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

அந்தப் படத்தைக் கையில் வாங்கியதும் கீழ்த்தாடையைப் பாருங்கள். எலும்புக்குள் மெல்லிய இரண்டு வெள்ளைக் கோடுகள், ரயில் தண்டவாளம்போல, பின்னாலிருந்து முன்னால் ஓடும். அதற்குள்தான் கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. ஞானப்பல்லின் வேர் அந்தத் தண்டவாளத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது? தள்ளி நின்றால் நிம்மதி. வேர் அதன்மேல் ஏறி நின்று, அந்த இடத்தில் வெள்ளைக் கோடு அறுந்திருந்தாலோ, வேர் கறுத்துத் தெரிந்தாலோ, தண்டவாளம் வளைந்து போனாலோ சர்ஜன் இன்னும் கவனமாகப் பார்ப்பார். தேவைப்பட்டால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அது வீண் செலவு இல்லை.

நரம்பு அடிபட்டால் உதடும் நாடியும் மரத்துப்போகும். நாக்கு நரம்பு என்றால் நாக்கின் ஒரு பக்கம் மரக்கும், சுவையும் குறையும். நூற்றில் சிலருக்குத்தான் இப்படி ஆகும், அவர்களிலும் பெரும்பாலோருக்குச் சில வாரத்திலோ மாதத்திலோ உணர்ச்சி திரும்பிவிடும். நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வேர் நரம்பை உரசிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு ஏறும். அப்படிப்பட்ட பல்லுக்கு, தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே விட்டுத் தைத்துவிடும் முறையும் உண்டு. "என் பல்லுக்கு அது ஒத்துவருமா?" என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் தப்பே இல்லை.

மேல்தாடை ஞானப்பல் இந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. அது கன்னத்தைக் கடித்துப் புண்ணாக்கும், அல்லது கீழே ஜோடி இல்லாமல் இறங்கி வந்து ஈறைக் குத்தும். எடுப்பது பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும்" என்று பயந்து வருஷக்கணக்கில் வலியோடு இருந்த ஆச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு. பல் எடுத்துப் பார்வை போகாது.

எப்போது விட்டுவிடலாம்

ஒரு தாத்தா பல்செட் கட்ட வந்தார், 68 வயது. ஓ.பி.ஜி. எடுத்தால் கீழே இடது மூலையில், எலும்புக்குள் ஆழத்தில், 38 படுக்கைவாட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பல் இருப்பதே அவருக்குத் தெரியாது. 50 வருஷமாக ஒரு வம்பும் செய்யவில்லை, சுற்றிலும் கட்டி இல்லை. எடுப்பதென்றால் நிறைய எலும்பைக் குடைய வேண்டும், சர்க்கரை வேறு இருந்தது. சர்ஜன் பார்த்துவிட்டு, "அது பாட்டுக்குத் தூங்கட்டும் ஐயா. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து காட்டுங்க" என்றார். விடுவது என்றாலும் அதோடு சேர்ந்து இந்த வருஷாந்தரப் பார்வையும் உண்டு. விட்டுவிட்டு மறந்துவிடுவது வேறு.

முன்பற்கள் நெருக்கிக்கொண்டு கோணலாவது ஞானப்பல் தள்ளுவதால்தான் என்று நினைத்து எடுக்க வருகிறவர்களும் உண்டு. அந்தக் காரணத்துக்காக மட்டும் எடுக்காதீர்கள். ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருக்கும். எடுத்தால் நெருக்கம் நிற்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. கம்பி போடும் டாக்டர் தன் சிகிச்சைக்காக எடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம்.

ஏழாவது பல் ஏற்கெனவே போய்விட்டதென்றால் எட்டாவதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். போன பல்லின் இடத்தில் செயற்கைப் பல்லைப் பாலம்போலக் கட்டும்போது தூணாக நிற்க அதுதான் மிச்சம்.

எந்த வயது, எந்த வாரம்

எடுப்பது என்று முடிவாகிவிட்டால் 18-க்கும் 25-க்கும் இடைப்பட்ட வயது சௌகரியம். வேர் முழுசாக முற்றியிருக்காது, எலும்பு கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும், புண் சீக்கிரம் ஆறும். 30 தாண்டினால் எலும்பு இறுகும், வீக்கமும் வலியும் கொஞ்சம் கூடும். எடுக்கவே முடியாது என்று அர்த்தமில்லை, எனக்கே 31-இல்தான் எடுத்தார்கள்.

வாரத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில். வீக்கம் எடுத்த அன்றே உச்சத்துக்குப் போகாது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அதிகமாக இருக்கும். அதனால் புதன்கிழமை எடுத்துவிட்டுச் சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போட்டோவில் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை எடுத்து, திங்கள் செவ்வாய் லீவு சொல்லிவிடுவது நல்லது. செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின மாதமே எடுத்துவிடுங்கள், பரீட்சைக்கு நடுவில் வீங்கினால் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் எழுத வேண்டிவரும்.

எங்கள் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் நிறையப் பேர். டிக்கெட் போட்ட பிறகு, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஓடி வருகிறார்கள். விசாவுக்கு எழுதிக் கொடுக்கும்போதே வாயைக் காட்டுங்கள். எடுத்த பிறகு தையல் பிரிக்க ஒரு வாரம், புண் காய இன்னும் ஒரு வாரம் ஆகும். கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் முடித்துவிட்டால் நிம்மதி. அங்கே போய் வீங்கினால் லீவும் கிடைக்காது, செலவும் தாங்காது.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கும் இதையேதான் சொல்வேன். கர்ப்ப காலத்தில் ஈறு சாதாரணமாகவே வீங்கும். ஏற்கெனவே இரண்டு தடவை வீங்கின பல் அப்போது சும்மா இருக்காது. மாத்திரையும் நினைத்ததைக் கொடுக்க முடியாது. தவிர்க்க முடியாவிட்டால் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பார்ப்பார்கள். அதைவிட முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வால்வு சிகிச்சை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மாத்திரை அல்லது ஊசி. இந்தக் கடைசியைப் பலர் சொல்வதே இல்லை, "அது பல்லுக்குச் சம்பந்தமில்லையே" என்று நினைக்கிறார்கள். சம்பந்தம் உண்டு, அந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவது பல்வலியைவிடப் பெரிய ஆபத்து.

பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவில் நுழைத்துப் பாருங்கள். வீக்கம் எதுவும் இல்லாதபோதும் நுழையவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், பாக்கினால் கன்னத்தின் உள்தோல் இறுகியிருக்கலாம். வெற்றிலை விளையும் ஊர் எங்களுடையது, இதை வாரா வாரம் பார்க்கிறேன். ஞானப்பல்லுக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். வாய் இன்னும் குறுகினால் அப்புறம் எந்தப் பல்லையும் எடுப்பது கஷ்டம்.

யாரிடம் எடுப்பது

நேராக முளைத்த பல்லை உங்கள் வழக்கமான பல் டாக்டரே எடுத்துவிடுவார். சாய்ந்தது, புதைந்தது என்றால் வாய் முகத் தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்த சர்ஜன் எடுப்பது நல்லது. எங்கள் மாதிரிச் சின்ன ஊர்க் கிளினிக்குகளுக்கு அவர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து போவார்கள், நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் கஷ்டம் என்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் நாள் முழுக்க இதே பல்லைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செலவைக் கேட்கும்போது தையல் பிரிப்பது, மறுபடி வந்து கழுவுவது எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள்.

எடுக்கும் நாளும் அடுத்த ஏழு நாளும்

நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மயக்க மருந்து கொடுத்து எடுப்பதாக இருந்தால் மட்டும்தான் வெறும் வயிறு. ஊசி போட்டதும் கீழ் உதடு கனத்து மரத்துப்போகும். வலி தெரியாது, அழுத்தம் தெரியும், சத்தம் கேட்கும். ஈறை லேசாகக் கீறி, எலும்பைக் கொஞ்சம் சீவி, பல்லை இரண்டாக வெட்டித் துண்டு துண்டாக எடுப்பார்கள். பல் பிளக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். தாடை உடைந்துவிட்டதோ என்று அந்த நொடியில் கையைப் பிடித்துக்கொள்ளாதவர்கள் இல்லை. அது பல்தான். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்தி இன்னொரு ஊசி போடுவார்கள்.

அப்புறம் பஞ்சை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கக்கூடாது. அன்று முழுக்கத் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள். பல் இருந்த குழியில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டிதான் உங்களுக்கு மருந்து, அதை இழுத்து வெளியே போட்டுவிடக்கூடாது. அன்றைக்குச் சூடான காபி வேண்டாம், இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் வாடிவிடும். ஆறின கஞ்சி, குழைந்த தயிர்சாதம், இளநீரை டம்ளரில் ஊற்றி, ஐஸ்கிரீம். துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தின்மேல் வெளிப்பக்கம் விட்டுவிட்டு வையுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்து மெதுவாக வெளியே விடுங்கள். சிகரெட், பீடி ஒரு வாரம் கூடவே கூடாது.

மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடி, காதுவரை தெறித்து, வாயில் நாற்றம் வந்தால், குழியில் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு தெரிகிறது என்று அர்த்தம். புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் இது அதிகம் வரும். ஆபத்து இல்லை, ஆனால் வலி உயிர் போகும். கிளினிக்குக்கு வந்தால் கழுவி மருந்து வைப்பார்கள், பலருக்கு அன்று ராத்திரியே தூக்கம் வந்துவிடும். மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொண்டு வீட்டிலேயே கிடக்காதீர்கள்.

எடுப்பதற்கு முன்னாலோ பின்னாலோ, எப்போதானாலும், நாடிக்கு அடியில் வீங்கி இறுகினால், எச்சிலை விழுங்க முடியவில்லை என்றால், பேச்சு குழறினால், மூச்சு வாங்கினால், கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கிராம்புத் தைலம், வெந்நீர் ஒத்தடம், மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரை எதுவும் அதற்கு உதவாது.

அந்தப் பையன் தீபாவளிக்கு ரசஞ்சாதத்தைக் குழைத்துக் குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்தான். வீக்கம் வடிந்தது. மூன்றாவது தடவையும் வராமல் போய்விடுவானோ என்று ஒரு வாரம் கழித்து நானே போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். "வலி இல்லையே சிஸ்டர், இப்ப எதுக்கு?" என்றார். "வலி இல்லாதப்பத்தான் எடுக்கணும் சார்" என்றேன். படத்தோடு வந்தார்கள். வேர் நரம்புக்குத் தள்ளித்தான் இருந்தது. அடுத்த புதன்கிழமை சாயங்காலம் 35 நிமிஷத்தில் எடுத்துத் தையலும் போட்டாகிவிட்டது. ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தபோது மூன்று விரலை வாயில் நிறுத்தித் தானாகவே காட்டினான்.

என் 38 இன்னும் வாயில்தான் இருக்கிறது. நேராக முளைத்த பல், பிரஷ் பின்பக்கம்வரை போகிறது, 37 சுத்தமாக இருக்கிறது. படத்தை என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். தை மாதம் மேடம் மறுபடி பார்ப்பார்.